தேய்த்த இரும்பை வெறுமனே விடாதீர்கள்

கேட், கிரில்லை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்கே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு, அடித்துவிடுங்கள். பாளையங்கோட்டை வெயிலில் ஒரு ராத்திரி தாங்கலாம். கடலோரமான உவரி, இடிந்தகரைப் பக்கம் விடிவதற்குள் செம்மண் தூவினாற்போல் துரு பூத்துவிடும்.

கடலோரத்தில் தேய்க்கும் முன்பே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் உப்பு பெயிண்டுக்கு அடியில் தங்கி, பின்னால் கொப்புளமாகக் கிளம்பும். தேய்த்த இடத்தை வெறுங்கையால் தொடவும் வேண்டாம், வியர்வையிலும் உப்புதானே! தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள்.

சாரல் நேரத்தில் தென்காசிப் பக்கம் என்றால், வெயில் ஏறி ஈரம் போன பிறகு அடியுங்கள்.

அப்புறம், பிரைமரோடு மாதக்கணக்கில் நிற்கும் கேட்டுகள் நம்மூரில் ஏராளம். பிரைமர் மட்டும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட் கொடுங்கள்.