கற்பனைக் கால்பந்துத் தொடருக்கு ஜெர்சி வரையப் போகிறீர்களா?

முதல் தடவை இப்படி ஒரு கற்பனைத் தொடரை உருவாக்கியபோது 16 கிளப்புகளுக்கும் ஒவ்வொன்றாக, ஒரு வாரம் ராத்திரி கண்விழித்து, ரசித்து ரசித்து ஜெர்சி வரைந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. முடித்துவிட்டு ஒரே பக்கத்தில் அடுக்கிப் பார்க்கிறேன், 7 அணி சிவப்பு. குலுக்கல் போட்டதில் ஒரே பிரிவில் 3 சிவப்பு வந்து விழுந்தது. அதில் இரண்டு அணிக்கு மாற்று ஜெர்சி (எதிரணியும் அதே நிறமாக இருந்தால் போடுவது), ஸ்டைலாக இருக்கட்டுமே என்று நானே போட்ட கருஞ்சிவப்பு. அந்த இரண்டும் மோதினால் யார் எந்த அணி என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் வரையப்போவது 16 ஜெர்சி இல்லை, ஜோடிகள். 16 அணி என்றால் 120 ஜோடி வரலாம். 2025-இல் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பை மாதிரி 32 அணி வைத்தால் 496. எந்தச் சட்டையும் மைதானத்தில் தனியாக நிற்காது, பக்கத்தில் எதிரணிச் சட்டை ஒன்று எப்போதும் இருக்கும். முதல் முயற்சியா? 8 அணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 28 ஜோடிதான், ஒரு வாரயிறுதியில் முடித்துவிடலாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு காகிதத்தில் அணிகளின் பெயரை எழுதி, பக்கத்தில் முதன்மை நிறம், மாற்று நிறம், கோல்கீப்பர் நிறம் என்று மூன்று கட்டம் போடுங்கள். நிறம் பிரிக்கும்போது புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு, 16 அணிக்கும் 16 வேறுவேறு நிறம் கொடுப்பது. நிற மோதல் வராதுதான், ஆனால் பார்க்க கிரேயான் பெட்டி மாதிரி இருக்கும், நிஜத் தொடர் என்ற நம்பிக்கையே வராது. நிஜ உலகத்தில் சிவப்பும் நீலமும் வெள்ளையும்தான் கொட்டிக் கிடக்கின்றன. நான் இப்போது 16 அணிக்கு 4 சிவப்பு, 4 நீலம், 3 வெள்ளை, மிச்சம் ஐந்தில் பச்சை, மஞ்சள், கறுப்பு என்று போகிறேன், அதில் ஒன்றே ஒன்றை மட்டும் விநோதமாக, ஊதாவோ இளஞ்சிவப்போ வைக்கிறேன். ஒரே நிற அணிகளை வேறுவேறு பிரிவில் போடுவது ஏமாற்று வேலைதான். உங்கள் தொடர், நீங்கள்தான் குலுக்குகிறீர்கள், யார் கேட்கப்போகிறார்கள்?

அடுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காரணம் வேண்டும். "சிவப்பு வீரத்தையும் பச்சை வளத்தையும் குறிக்கிறது" என்று எழுதிவைக்காதீர்கள், அது பள்ளிக்கூடக் கட்டுரை. நிஜ கிளப்புகளின் நிறங்கள் பெரும்பாலும் தற்செயலாக வந்தவை, கடன் வாங்கியவை, சலித்துப்போய் மாற்றியவை. யுவென்டஸ் முதலில் இளஞ்சிவப்புச் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்கள், துவைக்கத் துவைக்க அது வெளுத்துப்போனது, 1903-இல் இங்கிலாந்திலிருந்து புதுச் சட்டை தருவித்தபோது வந்து சேர்ந்தது நாட்ஸ் கவுண்டி என்ற அந்த ஊர் கிளப்பின் கறுப்பு வெள்ளைப் பட்டை. இன்றைக்கு அந்த அணியை வேறு நிறத்தில் நினைத்துப் பார்க்க முடியுமா? அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் கிளப்பின் நீலமும் மஞ்சளும், துறைமுகத்துக்கு அடுத்து வரும் கப்பலின் கொடி எதுவோ அதுதான் நம் நிறம் என்று பேசிவைத்து, ஸ்வீடன் கப்பல் வந்ததால் கிடைத்தது என்று காலங்காலமாகச் சொல்வார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் அணியை 1961-இல் அதன் மேலாளர் டான் ரெவி முழு வெள்ளைக்கு மாற்றியதற்குக் காரணம் ரியல் மாட்ரிட் மேல் இருந்த மயக்கம்.

இந்த மாதிரி இரண்டு வரிக் கதை ஒன்றை ஒவ்வொரு கற்பனைக் கிளப்புக்கும் எழுதிவையுங்கள். என் தொடரில் ஒரு துறைமுக அணி இருக்கிறது, அவர்கள் சட்டையில் ஆரஞ்சு வந்ததற்குக் காரணம் ஆரம்பத்தில் படகுக்குப் பூசி மிஞ்சிய துருத்தடுப்புப் பெயின்ட். சின்ன விஷயம்தான், ஆனால் அதை எழுதினபிறகு அந்த ஆரஞ்சு எவ்வளவு மங்கலாக இருக்கவேண்டும், எந்த இடத்தில் வரவேண்டும் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிட்டது. கதை இல்லாத அணிக்குத்தான் மணிக்கணக்கில் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பட்டைகளுக்கு வருவோம். பாதி அணிகளை ஒரே நிறமாக, வெறுமையாக விடுங்கள். இது கஷ்டம், கை சும்மா இருக்காது. ஆனால் எல்லாரும் கோலம் போட்டால் எதுவும் கண்ணில் நிற்காது. மிச்சப் பாதிக்கு நெடுக்குப் பட்டை, குறுக்குப் பட்டை, நடுவில் பாதியாகப் பிரிந்த சட்டை, அயாக்ஸ் மாதிரி நடுவில் ஒரே அகலப் பட்டை, ரிவர் பிளேட் மாதிரி தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக ஓடும் பட்டை என்று பிரித்துக்கொடுங்கள். சாய்வுப் பட்டை ஒரு தொடருக்கு ஒரே ஒரு அணிக்குப் போதும். இரண்டாவது வந்தால் நகல் மாதிரி தெரியும்.

பட்டையில் ஒளிந்திருக்கும் சிக்கல் தூரம். மெல்லிய சிவப்பு வெள்ளைப் பட்டைகள் கேலரியிலிருந்து பார்த்தால் கலந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைவிட மோசம், அந்த அணி சிவப்போடும் மோதும், வெள்ளையோடும் மோதும். பட்டை அணிகளுக்கு மாற்று ஜெர்சியை இரண்டு நிறத்திலிருந்தும் விலகி வேறெங்காவது எடுங்கள். இன்னொன்று, பட்டை மேல் எண் படிக்க முடியாது. ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் பச்சை வெள்ளைக் குறுக்குப் பட்டையைக் கெடுக்க மனசில்லாமல் பல காலம் முதுகில் எண்ணே போடவில்லை, 1967-இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோதுகூட எண் ஷார்ட்ஸில்தான் இருந்தது. இன்றைக்கு அது நடக்காது, அதனால் முதுகில் ஒரு ஒற்றை நிறக் கட்டம் விட்டு அதன்மேல் எண்ணைப் போடுங்கள், அல்லது எண்ணைச் சுற்றித் தடிமனான ஓரக்கோடு கொடுங்கள். முன்பக்கம் மட்டும் வரைந்துவிட்டு முதுகைக் கடைசி ராத்திரிக்கு ஒத்திப்போடுவது எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஷார்ட்ஸையும் சாக்ஸையும் சட்டைக்குத் துணை என்று நினைக்கவேண்டாம். 1964 வரை லிவர்பூல் சிவப்புச் சட்டைக்கு வெள்ளை ஷார்ட்ஸ்தான் போட்டார்கள். மேலாளர் பில் ஷாங்க்லி, நல்ல உயரமான ஆட்டக்காரர் ரான் யேட்ஸுக்குச் சிவப்பு ஷார்ட்ஸ் மாட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் பெரிய ஆளாகத் தெரிகிறாரே என்று அணி முழுவதையும் சிவப்புக்கு மாற்றினார். சட்டையைத் தொடாமலே அணியின் முகம் மாறிவிட்டது. உங்கள் 4 சிவப்பு அணிகளையும் இப்படிப் பிரிக்கலாம்: ஒன்று தலை முதல் கால் வரை சிவப்பு, ஒன்றுக்கு வெள்ளை ஷார்ட்ஸ், ஒன்றுக்குக் கறுப்பு, இன்னொன்றுக்கு நீல சாக்ஸ்.

இப்போது முக்கியமான கட்டம், மோதல் சோதனை. ஜோடி ஜோடியாக, புல்லின் பச்சைப் பின்னணியில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி வைத்துப் பாருங்கள். அப்புறம் அதையே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி தோல்வி. இது பழைய கறுப்பு வெள்ளை டிவி காலத்துக் கவலை என்று தள்ளிவிடாதீர்கள். ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருக்கிறது, பெரும்பாலும் சிவப்பும் பச்சையும்தான் குழப்பும். 2018 உலகக் கோப்பையின் முதல் ஆட்டமே ரஷ்யாவின் சிவப்புக்கும் சவுதி அரேபியாவின் பச்சைக்கும் நடுவில்தான், பலருக்கு 22 பேரும் ஒரே அணி மாதிரி தெரிந்தார்கள். ஒரு அணி வெளிர் நிறம், ஒரு அணி அடர் நிறம் என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

டிவிக்காகவே யோசித்து நேரெதிராகப் போன கதையும் உண்டு. 1978 உலகக் கோப்பையில், அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில், கறுப்பு வெள்ளைத் திரையில் பிரான்சும் ஹங்கேரியும் குழம்பாமல் தெரியவேண்டும் என்று நிறம் மாற்றச் சொல்லப்போய், இரண்டு அணியும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றன. கடைசியில் உள்ளூர் கிளப்பான கிம்பர்லியிடம் பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டையை இரவல் வாங்கிப் பிரான்ஸ் ஆடியது. உங்கள் தொடரில் இது நடக்கக்கூடாது என்றால், எந்த ஜோடியில் யார் மாற்று ஜெர்சி போடுவது என்பதையும் அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

மாற்று ஜெர்சி என்றால் முதன்மை நிறத்தைத் தலைகீழாகத் திருப்புவது என்று ஒரு சோம்பேறிப் பழக்கம் இருக்கிறது. அங்கேதான் சுதந்திரமே இருக்கிறது, கொஞ்சம் துணிந்து விளையாடுங்கள். பார்சலோனா தன் முதல் ஐரோப்பியக் கோப்பையை 1992-இல் வென்றது ஆரஞ்சுச் சட்டையில், கோப்பையை வாங்கப் போகும்போதுதான் நீலம் சிவப்புக்கு மாறினார்கள். ஆனால் சாம்பல் நிறத்தைத் தொடும்முன் யோசியுங்கள். 1996 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் ஜெர்சியில் சவுத்தாம்ப்டனிடம் பாதி நேரத்துக்குள் 3 கோல் வாங்கிவிட்டு, இடைவேளையில் சட்டையையே மாற்றினார்கள். கூட்டத்தின் பின்னணியில் சக ஆட்டக்காரரே கண்ணுக்குத் தெரியவில்லை என்றார் மேலாளர் ஃபெர்குசன். தோற்றதற்கு அதுதான் காரணமா என்பது வேறு விஷயம்.

கோல்கீப்பரை மறந்துவிடுவோம், எல்லாரும் மறப்போம். விதிப்படி அவர் நிறம் இரண்டு அணியிலிருந்தும் நடுவரிடமிருந்தும் வேறுபட வேண்டும். நடுவருக்கும் ஒரு சட்டை வரையவேண்டும் என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும். ஆக ஒரு ஆட்டத்துக்கு ஐந்து நிறம். கோல்கீப்பருக்கு இரண்டு மாற்றாவது வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கிறுக்குத்தனத்துக்கும் இடம் உண்டு. மெக்சிகோவின் ஹோர்ஹே கம்போஸ் கண்ணைப் பறிக்கும் சட்டைகளைத் தானே வடிவமைத்துப் போட்டவர்.

விதிகளில் இன்னும் ஒன்றிரண்டு. சட்டைக்குக் கை கட்டாயம் இருக்கவேண்டும். கேமரூன் 2002-இல் கையில்லாத பனியன் மாதிரிச் சட்டையோடு ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றார்கள், அதே வருட உலகக் கோப்பையில் அதை ஃபிஃபா ஒப்புக்கொள்ளாததால் கறுப்புக் கை ஒட்டவேண்டி வந்தது. 2004-இல் அவர்களே சட்டையும் ஷார்ட்ஸும் சேர்ந்த ஒற்றை உடுப்பில் வந்தார்கள், அதற்கு 6 புள்ளி பறிப்பு வரை போய், பிறகுதான் அது ரத்தானது. உள்ளே போடும் பனியன் தெரிந்தால் அது சட்டைக் கையின் நிறத்தில் இருக்கவேண்டும். வரைபடத்தில் நீளக்கை உள்ளாடை காட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஸ்பான்சர் பெயர் நிஜ நிறுவனமாக இருந்தால் படம் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். நீங்களே ஒன்றைக் கற்பனை செய்யுங்கள், உப்புக் கம்பெனி, கப்பல் கம்பெனி, ரேடியோ நிலையம், எதுவானாலும். ஒன்றிரண்டு அணிகளின் நெஞ்சை வெறுமையாகவே விடலாம், பார்சலோனா 2006 வரை அப்படித்தான் இருந்தது. லோகோவுக்கு மேல் நட்சத்திரம் போட்டால் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். யுவென்டஸ் 1958-இல் 10 பட்டத்துக்கு ஒன்று என்று போட ஆரம்பித்தது, அழகுக்கு நான்கு நட்சத்திரம் என்றால் அந்த அணி 40 முறை வென்றிருக்கவேண்டும்.

தொடரை ஒரே தொடராகக் காட்டுவது இரண்டே விஷயம்: எல்லா அணிக்கும் பொதுவான எண் எழுத்துரு, கையில் ஒட்டும் தொடர் பேட்ச். நடப்புச் சாம்பியனுக்கு மட்டும் தங்க நிறப் பேட்ச் கொடுங்கள். எண்களைப் பற்றி ஒரு யோசனை. 1933-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் எவர்ட்டனுக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22 என்று கொடுத்தார்கள். பழைய காலத்துத் தொடர் ஒன்றைக் கற்பனை செய்கிறீர்கள் என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பார்க்கிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள்.

மென்பொருள் எதுவானாலும் சரி, வெக்டரில், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படமாக வரையுங்கள், அதற்கான இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம். ஒரே வெற்று டெம்ப்ளேட்டை 16 அணிக்கும் போடாமல் மூன்று நான்கு தயாரிப்பாளர்களைக் கற்பனை செய்து, ஒவ்வொருவருக்கும் ஒரு காலர், ஒரு கை வெட்டு என்று பிரித்துக்கொண்டால் நிஜம் மாதிரி இருக்கும். நிறக் குறியீடுகளைத் தனியே எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் முதன்மைச் சட்டையில் ஒரு நீலம், சாக்ஸில் வேறு நீலம் என்று வந்து நிற்கும்.

என் இரண்டாவது முயற்சியில் இதையெல்லாம் செய்தேன். அந்த இரண்டு சிவப்பு அணிகளையும் எதிரெதிர்ப் பாதியில் போட்டதால் இறுதிப்போட்டியில் மட்டும்தான் சந்திக்க முடியும், அதெல்லாம் நடக்காது என்று ஒரு அணியின் மாற்று ஜெர்சியை ஊதாவில் பத்தே நிமிடத்தில் கிறுக்கி ஒதுக்கிவிட்டேன். பகடை உருட்டித்தான் ஆட்டங்களை நடத்தினேன். இரண்டுமே இறுதிக்கு வந்தன. ஊதாதான் ஜெயித்தது. கோப்பையோடு நிற்கும் அந்தப் படத்தை வரையும்போதுதான் பார்த்தேன், ஊதாச் சட்டைக்கு முதுகே வரையவில்லை.