துவார்னெனேயில் குடியேறுகிறவர்களுக்கு: கடை, மீன், அலை அட்டவணை

பாரிஸ் பக்கத்திலிருந்து பிரெத்தாஞ் (பிரிட்டனி) கடற்கரைக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, அங்கே கறிவேப்பிலை கிடைக்குமா?" என்றுதான். எங்கள் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. அது இல்லாமலும் நன்றாகச் சாப்பிடலாம். நான் காரைக்கால்காரி. இப்போது இருப்பது பிரான்சின் மேற்கு ஓரத்தில், பினிஸ்தேர் மாவட்டத்துத் துவார்னெனே. மத்தி மீனுக்குப் பேர் போன சின்னத் துறைமுகம். கீழே சொல்வது இந்த ஊரை வைத்து. கொங்கார்னோ, கில்வினெக் என்ற பக்கத்துத் துறைமுகங்களுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் கடை நேரத்தைப் பழகிக்கொள்ளுங்கள். பன்னிரண்டரை வாக்கில் சின்னக் கடைகள் கதவைச் சாத்தினால் இரண்டு, இரண்டரைக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊரே உறங்கும். திங்களன்று மீன்கடைகள் பலவும் மூடியிருக்கும், ரொட்டிக்கடைகளும் சில. உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள்தான். மூன்று மணிக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் காப்பிதான் கிடைக்கும். கடைக்குள் நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லுங்கள், கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம். பாரிஸில் அவசரத்தில் விட்டாலும் விட்டுவிடலாம், இங்கே அடுத்த முறையும் அதே முகத்திடம்தான் போய் நிற்க வேண்டும்.

இனி மீன். ஏலக்கூடத்தில் வியாபாரிகள்தான் வாங்கலாம், நமக்கு மீன்கடையும் சந்தையும். வந்த புதிதில் எல்லோரும் வஞ்சிரத்தையும் வவ்வாலையும் தேடுவார்கள். தேடாதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் விலை குறைவாக வைத்திருக்கும் மீன்கள் பலவும் நம் சமையலுக்கு அளவெடுத்துத் தைத்தவை.

உதாரணத்துக்கு 'சோமோனெத்' என்ற பெயரில் தோலுரித்து, இளஞ்சிவப்பாக, நீளமாக வைத்திருப்பார்கள். அது ஒரு சின்னச் சுறா. நடுவில் ஒரே ஒரு குருத்தெலும்பு, முள் கிடையாது. மஞ்சள்தூள் போட்டு ஆவியில் பத்து நிமிடம் வைத்து, குருத்தெலும்பை உருவிவிட்டு உதிர்த்து, துணியில் ஒரு தடவை பிழிந்துகொள்ளுங்கள். பூண்டு, மிளகு, சோம்பு, நிறைய வெங்காயத்தோடு வதக்கினால் அசல் சுறாப் புட்டு. 'ரே' என்று விசிறி போலக் கிடப்பது திருக்கை வகை. இவர்கள் அதைக் கருக வைத்த வெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள், நாம் குழம்பு வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை: பழசானால் அமோனியா நெடி வரும். வாங்கும் முன் முகர்ந்து பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

'கோங்க்ர்' என்பது கடல் விலாங்கு. புளிக்குழம்பில் கொதித்தாலும் உடையாது. ஆனால் வால் பக்கத் துண்டில் முள் ஏராளம். தலைக்கு அடுத்த துண்டாகக் கேளுங்கள். மீன்காரம்மா சுத்தம் செய்து தரும்போது தலையையும் நடுமுள்ளையும் தூக்கிப் போடப் போவார். அதற்கு முன், "பூர் லா சூப்" என்று சொல்லிவிடுங்கள், சூப்புக்கு வேண்டும் என்று. பெரிய மீன் தலைகளைக்கூடச் சும்மாவே கட்டித் தருவார்கள். என் வீட்டில் பாதி வாரம் தலைக்குழம்பு இப்படித்தான் நடக்கிறது.

மத்திக்கு மே முதல் அக்டோபர் வரை பருவம். கோடைக் கடைசியில் நல்ல கொழுப்பேறியிருக்கும். வறுக்கும்போது எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள், மீனே விடும். விறைப்பாக, கண் தெளிவாக, செதில் மினுங்கினால் வாங்கலாம். கையில் தூக்கினால் வளைந்து தொங்குகிறதா, விட்டுவிடுங்கள். பொரிக்கும் வாசம் அடுக்குமாடிப் படிக்கட்டு முழுக்கப் பரவும் என்று பயப்படுகிறவர்கள், கோடையில் இந்த ஊர்த் தோட்டங்களில் வரும் மத்திப் புகையைப் பார்த்தால் தெளிந்துவிடுவார்கள்.

கடை மூடிய திங்கட்கிழமைக்கு டின் மத்தி இருக்கவே இருக்கிறது. 1853இல் தொடங்கிய ஆலை ஒன்று இந்த ஊரில் இன்னமும் ஓடுகிறது. எண்ணெயில் போட்ட மத்தி டின்னை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, சில மாதத்துக்கு ஒரு முறை தலைகீழாகத் திருப்பி வைக்கிறவர்கள் இங்கே உண்டு. எண்ணெய் எல்லாப் பக்கமும் ஊறுமாம். நான் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை. வெங்காயம், மிளகாய் வதக்கி டின்னைக் கவிழ்த்தால் ஐந்து நிமிடத்தில் பொரியல். அக்கம்பக்கத்தோடு பேச்சு ஆரம்பிக்க வழி தெரியாவிட்டால் மத்தி ஆலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேளுங்கள். 1924 நவம்பரில் தொடங்கி 1925 ஜனவரியில் கூலி உயர்வோடு முடிந்தது. "என் பாட்டியும் அதில் இருந்தாள்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அப்புறம் காப்பிக்குக் கூப்பிடுவார்கள்.

அடுத்து அலை அட்டவணை. கையடக்கப் புத்தகமாக விற்கும், வாங்கிச் சமையலறையில் மாட்டுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் 20இலிருந்து 120 வரை ஓர் எண் போட்டிருக்கும். எண் பெரிதானால் கடல் அவ்வளவு தூரம் உள்வாங்கும். 90, 100 தாண்டும் நாட்களில் மட்டி பொறுக்க வாளியும் கிளறியுமாகப் பாதி ஊர் கடற்கரையில் இருக்கும். நீங்களும் போகலாம். ஆனால் மட்டியில் பாசி நச்சோ கிருமியோ இருந்தால் மாவட்ட நிர்வாகம் அந்தக் கரைக்குத் தடை போடும். கிளம்பும் முன் நகராட்சியில் விசாரித்துவிடுங்கள். நீர் முழுதாக இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், ஏறத் தொடங்கியதும் திரும்பிவிட வேண்டும். பாறைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் சுற்றி வளைத்துக்கொள்வது தெரியவே தெரியாது. 'பலூர்த்' மட்டி 4 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எடுக்கக் கூடாது, அளவுகோல் கொண்டு போங்கள். வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் போட்டால் மணலைக் கக்கிவிடும்.

பாறை இடுக்கில் அகப்படும் சின்ன நண்டுக்கு 'எத்ரீய்' என்று பேர். கடையிலும் வாங்கலாம். சதை கொஞ்சம், ருசி அபாரம். ஓட்டோடு இடித்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு நண்டு ரசம் வையுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே கடுங்குளிர் இல்லை, ஆனால் ஈரக்காற்றும் மழையும் விடாது. அந்த மாதங்களுக்கு மருந்து இதுதான்.

மளிகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைசூர்ப் பருப்பு 'லாந்தீய் கொராய்' என்ற பெயரில் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் உண்டு. 'எத்துவே' என்று எழுதிய அரிசி புழுங்கல்தான், இட்லிக்கு ஒத்துவரும். 'செமூல் ஃபீன்' நம் ரவை. சின்ன வெங்காயத்துக்கு எஷலோத், அது பிரெத்தாஞ்சிலேயே விளைகிறது. உளுந்து, புளி, பெருங்காயம், கறிவேப்பிலைக்கு மட்டும் தமிழ்க் கடைகள் நிறைந்த பாரிஸ் லாஷப்பெல். பக்கத்து நகரமான கெம்பேரிலிருந்து அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மாதாமாதம் ஓடுவது வீண் செலவு. கறிவேப்பிலையைக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டால் பல மாதம் தாங்கும். இட்லி மாவு இந்தக் குளிரில் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, இரவு முழுக்க உள்ளே வையுங்கள்.

நெய் உருக்க உப்பில்லாத வெண்ணெய் வாங்க வேண்டும். 'தூ' என்று போட்டிருக்கும். இங்கே கை போகிற இடமெல்லாம் உப்பு வெண்ணெய்தான். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் உப்பு வரியிலிருந்து இந்தப் பகுதிக்கு விலக்கு இருந்ததால் வந்த பழக்கம். ரொட்டிக்கு அதைவிட ருசி வேறில்லை, நெய்க்கு ஆகாது.

வெளியில் சாப்பிட வேண்டுமானால் கிரேப் கடை. 'பிளே நுவார்' (பக்வீட்) மாவில் மெல்லிதாக வார்த்து, முட்டையும் சீஸும் வைத்து மடித்துத் தருவார்கள். பன்றி இறைச்சி வேண்டாதவர்கள் "சான் ழாம்போன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உள்ளே இருக்கும். கூடவே 'லே ரிபோ' கேளுங்கள், அசல் மோர். பாட்டிலாகவும் விற்கிறது, மோர்க்குழம்புக்கும் ரவா தோசைக்கும் நான் அதைத்தான் ஊற்றுகிறேன்.

கடைசியாக 'குயின் அமான்'. இந்த ஊரில் பிறந்த பலகாரம். ரொட்டி மாவில் கிட்டத்தட்ட அதன் எடைக்குப் பக்கமாக வெண்ணெயும் சர்க்கரையும் மடித்துச் சுடுவது. ஆறிப்போனதை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். ஓவனில் பத்து நிமிடம் வையுங்கள், மேலே உருகிய சர்க்கரை மறுபடி மொறுமொறுக்கும். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் முழுசாக வீட்டுக்கு வாங்கி வராதீர்கள், கடையிலேயே ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.