எண்ணப்படாத மாவட்டங்களையும் சேர்த்துச் சனத்தொகையை மதிப்பிடும் முறை

2001 யூலை 17ஆம் திகதியைக் கணக்கெடுப்பு நாளாகக் கொண்டு இலங்கையில் நடந்த தொகைமதிப்பு, போர் காரணமாக 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக நிறைவேறியது. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் மட்டக்களப்பும் திருகோணமலையும் முழுமையாக எண்ணப்படவில்லை. அப்படியானால் நாட்டின் மொத்தத் தொகையை எப்படிக் கணிப்பது?

முதற்படி: கடைசியாக நாடு முழுவதும் எண்ணப்பட்ட ஆண்டைப் பிடியுங்கள். இங்கே அது 1981. அப்போது மொத்தம் சுமார் 148.5 இலட்சம்; அதில் இந்த ஏழு மாவட்டங்களில் 17.0 இலட்சம், ஏனைய பதினெட்டில் 131.5 இலட்சம்.

இரண்டாம் படி: எண்ணப்பட்ட பகுதியின் வளர்ச்சியைக் காணுங்கள். பதினெட்டு மாவட்டங்களின் தொகை 2001இல் 169.3 இலட்சம். அதை 131.5ஆல் வகுத்தால் 1.287 கிடைக்கும். இதே விகிதத்தை ஏழு மாவட்டங்களுக்கும் பொருத்தினால் ஏறத்தாழ 21.8 இலட்சமும், நாட்டுக்கு 191 இலட்சமும் வரும்.

மூன்றாம் படியே மிகக் கவனம் வேண்டுவது. இந்த 21.8 இலட்சத்தை அப்படியே ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. 1983க்குப் பின் பல இலட்சம் பேர் வெளிநாடுகளுக்கும் தெற்குக்கும் சென்றுவிட்டார்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் வாழ்ந்ததால், அங்கேயே எண்ணப்பட்டுவிட்டார்கள். அவர்களை வடக்கிலும் சேர்த்தால் ஒரே மனிதரை இருமுறை எண்ணியதாகும். அதோடு, அவர்களுடைய வருகை பதினெட்டு மாவட்டங்களின் வளர்ச்சி விகிதத்தையும் சற்று உயர்த்திக் காட்டுகிறது. ஆகவே 1981இன் 17.0 இலட்சத்தோடு பிறப்பைக் கூட்டி, இறப்பையும் வெளியேறியோரையும் கழிக்க வேண்டும். கிராம அலுவலர் பதிவுகள், நிவாரண உணவு பெற்றோர் பட்டியல், பாடசாலைச் சேர்வு ஆகியவை இதற்கு உதவும்; ஆனால் இறந்தோரும் இடம்பெயர்ந்தோரும் பட்டியல்களில் நீடிப்பதுண்டு என்பதால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: பின்னர் வந்த முழுமையான தொகைமதிப்பினால் சோதியுங்கள். 2012இல் அந்த ஏழு மாவட்டங்களில் இருந்தோர் சுமார் 19.7 இலட்சமே. 1981க்கும் 2012க்கும் இடையே சீரான வளர்ச்சி என்று கொண்டால், 2001க்கு 18.7 இலட்சம் வருகிறது. இடையில் நேர்ந்த இடப்பெயர்வுகளையும் உயிரிழப்புகளையும் இந்த நேர்கோடு காட்டாது, எனினும் 21.8 மிகை என்பதை அது தெளிவாக்குகிறது. அரசு அப்போது வெளியிட்ட மொத்த மதிப்பீடும் சுமார் 188 இலட்சமே.

இறுதி விடையை எழுதும்போது, 169.3 இலட்சம் எண்ணப்பட்டது, எஞ்சியது மதிப்பிடப்பட்டது என்று இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுங்கள்.