தென்னையிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை என்ன செய்வது?

மாசி, பங்குனி வந்துவிட்டால் எங்கள் புளியரைப் பக்கம் யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார்கள். பட்டுப்போன தென்னையை வெட்டியிருப்பார்கள், உள்ளே பொந்து, பொந்துக்குள் மூன்றோ நாலோ குஞ்சு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவில் தத்தம்மா என்பார்கள், இங்கே கிளிப்பிள்ளை. பெயர் எதுவானாலும் கொண்டு வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இது பேச எத்தனை நாள் ஆகும்?" பேசுவது இருக்கட்டும், முதலில் அது இன்றைக்கு ராத்திரியைத் தாண்ட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கினாலும் சரி, தோப்பில் கண்டெடுத்தாலும் சரி, சட்டத்துக்கு ரெண்டும் ஒன்றுதான். அதனால் கீழே இருப்பதெல்லாம் குஞ்சை அதன் கூட்டுக்கோ வனத்துறையிடமோ சேர்க்கும் வரைக்குமான வேலை. வனச்சரக அலுவலகத்துக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

முதலில், அது கிளிதானா?

சிரிக்காதீர்கள். பச்சையாக, பொந்தில் இருந்தது என்பதற்காகக் குக்குறுவான் குஞ்சைக் கிளி என்று கொண்டு வருபவர்கள் நிறைய. ரெண்டுக்குமே காலில் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மூக்கைப் பாருங்கள். கிளிக்கு இறகு முளைக்காத நாளிலேயே மேல் அலகு கீழே வளைந்திருக்கும், குக்குறுவானுக்குத் தடித்து நேராக இருக்கும். குக்குறுவான் என்றால் தீனியே வேறு, கீழே சொல்லும் மாவு அதற்குச் சரிப்படாது.

கூட்டுக்கே திருப்ப முடியுமா என்று பாருங்கள்

போன வருஷம் பக்கத்துத் தோப்பில் மரம் விழுந்தபோது இரண்டு குஞ்சு கிடைத்தது. தேங்காய் வெட்டும் அண்ணாச்சி என் கையைப் பார்த்ததும், "தொட்டுட்டியால? இனி தாய் சேக்காது" என்றார். எங்கள் ஆச்சியும் அதையேதான் சொல்வாள். அது உண்மையில்லை. மனுஷ வாடை பட்டது என்பதற்காகக் கிளி தன் குஞ்சைக் கைவிடாது. மரம் நின்றுகொண்டிருந்து பொந்தும் எட்டுகிற உயரம் என்றால் அதிலேயே வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

மரமே விழுந்துவிட்டால்? நாங்கள் செய்தது இது. பொந்து இருந்த துண்டை மட்டும் மேலும் கீழும் இரண்டடி விட்டு அறுத்தோம். அடியில் ஓட்டை இல்லாமல் பலகை அடித்து, இற்றுப்போன மரத்தூளையே உள்ளே பரப்பி, பத்தடி தள்ளி நின்ற மரத்தில் அதே திசை பார்த்துக் கயிற்றால் கட்டினோம். அண்ணாச்சி முனகிக்கொண்டேதான் ஏறினார். அப்புறம் எல்லோரையும் விரட்டிவிட்டு வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தோம். தாய்க்கிளி மேலே கத்திக்கொண்டே சுற்றியது, ஒன்றரை மணி நேரம் கிட்ட வரவில்லை. வெயில் சாயும்போது வந்து பொந்து வாயில் தலையை மட்டும் விட்டுப் பார்த்தது, எடுத்தது, மறுபடி விட்டது, உள்ளே போய்விட்டது. கிட்ட நின்று வேடிக்கை பார்த்தால் இது நடக்கவே நடக்காது.

ஆனால் கூட்டில் வைத்தது ஒன்றைத்தான். இன்னொன்றுக்கு விழுந்ததில் இறக்கையடியில் கிழிந்து ரத்தம் வந்திருந்தது, அதனால் பெட்டிக்கு வந்தது. காயம்பட்டது, எறும்பு மொய்த்தது, பூனை வாயில் பட்டது எல்லாமே அன்றைக்கே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. பூனைப் பல் பட்ட இடம் வெளியே புள்ளி போலத்தான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும்.

சூடு. தீனி அப்புறம்

குளிர்ந்து கிடக்கிற குஞ்சுக்கு ஒரு சொட்டுக்கூட ஊட்டாதீர்கள், செரிக்காது. காலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்றிருந்தால் முதலில் சூடு. இறகே இல்லாத குஞ்சுக்கு 34, 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், குருத்திறகு முள் முள்ளாக வந்ததற்கு 30 பக்கம் போதும், இறகு மூடியதற்கு நம் ஊர்ச் சூடே போதும், காற்று மட்டும் அடிக்கக் கூடாது. அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வையுங்கள், ஆறியதும் மாற்றுங்கள். இன்னொரு மூலை ஆறியே இருக்கட்டும், அதற்குச் சுட்டால் நகர்ந்துகொள்ளும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

கீழே வெறும் பேப்பர் போடாதீர்கள். வழுக்கி வழுக்கிக் கால் ரெண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும், எலும்பு அப்படியே இறுகிவிட்டால் கிளையில் உட்காரவே முடியாது. பழைய வேட்டித் துணியைச் சுருட்டிக் குழி மாதிரி செய்து அதில் வையுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், நூல் வளையத்தில் நகம் மாட்டும்.

ஊட்டுவது

என் முதல் குஞ்சை நான்தான் கொன்றேன். எட்டு வருஷம் முன்னால், பாலில் நனைத்த ரொட்டி, ஆசையாசையாக, கழுத்துக்குக் கீழே பை புடைக்கும் வரைக்கும். மறுநாள் காலை அந்தப் பை அப்படியே இருந்தது, தொட்டால் களிமண் மாதிரி, வாயில் புளித்த வாடை. மூன்றாம் நாள் போய்விட்டது. பறவைகளுக்குப் பால் செரிக்காது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் டப்பா மாவிலும் பெரும்பாலும் பால் பொடி உண்டு, அதுவும் வேண்டாம்.

பறவைக் கடைகளில் கிளிக்குஞ்சுக்கென்றே மாவு கிடைக்கிறது, அதுதான் சரி. கிடைக்கும் வரை ஒருநாள் ரெண்டு நாள் சமாளிக்க, பொட்டுக்கடலையை நைசாக அரைத்துச் சலித்து, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு கொஞ்சம் சேர்த்து, கொதித்து ஆறிய நீரில் தோசைமாவை விட இளக்கமாகக் கரைத்துக்கொள்ளலாம். உப்பு, சர்க்கரை எதுவும் கூடாது. சூடு 39லிருந்து 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். அதைவிடக் கூடினால் தீனிப்பை உள்ளே வெந்து நாலு நாள் கழித்து ஓட்டை விழும், ஆறிப்போனால் உள்ளே தேங்கும்.

டீஸ்பூனின் இரண்டு ஓரத்தையும் குறடால் உள்ளே மடக்கினால் சின்ன ஓடம் மாதிரி வரும், அதுதான் கரண்டி. அலகின் இடது ஓரத்திலிருந்து எதிர்ப்பக்கம் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி உறிஞ்சும், ஆட்டும்போது மட்டும் கொடுங்கள், நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். தண்ணீரைத் தனியாக வாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள், நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கிறது.

அளவு, உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு. 60 கிராம் குஞ்சுக்கு ஒரு வேளைக்கு 6 மில்லி. கண் திறக்காததற்கு ரெண்டு மணிக்கொரு தரம், குருத்திறகு வந்ததற்கு நாலு மணிக்கொரு தரம், இறகு மூடியதற்கு ரெண்டு மூன்று வேளை. மணியை விட முக்கியம் பை. விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், பாதி நிரப்பிய பலூன் மாதிரி இருந்தால் நிறுத்துங்கள், வற்றிய பிறகுதான் அடுத்தது. விடிகாலையில் சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊட்டாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். தினமும் முதல் தீனிக்கு முன்னால் சமையல் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள்.

எச்சத்தைக் காய விடாதீர்கள், அந்தத் தூசியிலிருந்து மனிதருக்கும் கிளிக்காய்ச்சல் வரும். கை கழுவுங்கள், கொஞ்ச வேண்டுமென்று வாயோடு வாய் வைக்காதீர்கள்.

பழக்குவது, எதுவரை?

இதற்காகத்தான் பாதிப் பேர் படிக்க வந்திருப்பீர்கள். குஞ்சு உங்களை நம்ப வேண்டியதில்லை, கரண்டியை நம்பினால் போதும். மேலிருந்து கையைக் கொண்டு போகாதீர்கள், அதற்கு அது பருந்து. பக்கவாட்டில், பெட்டியின் உயரத்திலேயே மெதுவாகப் போங்கள். ஒவ்வொரு வேளையும் கரண்டியைக் கிண்ணத்தில் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத் தொடங்கினால், மூன்றாம் நாள் தட்டும் சத்தத்துக்கே தலையாட்ட ஆரம்பித்துவிடும். தூக்க வேண்டுமென்றால் காலுக்கு மேலே அடிவயிற்றில் விரலை லேசாக அழுத்துங்கள், தானாக ஏறிக்கொள்ளும். கொத்தினால் கையை வெடுக்கென்று இழுக்காமல் அசையாமல் வையுங்கள். இழுத்தால் அது விளையாட்டாகிவிடும்.

அதோடு சரி. பெயர் வைக்காதீர்கள், பேசக் கற்றுக்கொடுக்காதீர்கள், இறக்கை வெட்டுவது கிளி ஜோசியக்காரர் வேலை. ரெண்டு குஞ்சு இருந்தால் சேர்த்தே வையுங்கள். ஒற்றையாக மனிதரையே பார்த்து வளர்ந்த கிளி, வெளியே விட்டாலும் முதலில் கண்ட ஆள் தோளில்தான் போய் உட்காரும், அந்த ஆள் யாரென்று யாருக்குத் தெரியும்.

ஆறு, ஏழு வாரத்தில் இறக்கையடித்துப் பார்க்கும், எடையும் கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள். அதற்குள் வனத்துறை வாங்கிக்கொள்ளவில்லை என்றால் கொய்யா, கோவைப்பழம், ஊறவைத்த பச்சைப்பயறு, கம்பங்கதிர் என்று பெட்டியில் போட்டுவையுங்கள், கரண்டியை ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். பச்சை மிளகாய் அதற்கு உறைக்காது, ஆனால் அது சாப்பாடும் இல்லை.

கொண்டு போய்க் கொடுக்கும்போது, எந்த மாநிலத்தில் கிடைத்ததோ அந்த மாநில வனத்துறையிடமே கொடுங்கள். ஆரியங்காவுத் தோப்பில் எடுத்த குஞ்சோடு புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் நீங்கள் காப்பாற்றியவர் என்று அங்கே யாரிடம் விளக்குவீர்கள்? காற்றுத் துளை போட்ட பெட்டி, துணி, எடை எழுதிய தாள், என்ன தீனி, கடைசியாக எத்தனை மணிக்கு, எந்த மரத்தடியில் எடுத்தது. இறக்கையடியில் கிழிந்திருந்த அந்தக் குஞ்சு 41 கிராமில் வந்தது, கொடுக்கும்போது 108. பெட்டியை வாங்கியவர் மேசையில் வைத்துவிட்டுப் பேனாவைத் தட்டினார், உள்ளே தலை ஆட ஆரம்பித்துவிட்டது.