விழவே இல்லையே, மார்க் எங்கே போனது?

போன மாதம் டொராண்டோ பக்கத்துப் பனிச்சறுக்கு அரங்கு ஒன்றில், ஐஸ் டான்ஸ் (ஜோடியாகப் பனியில் சறுக்கி ஆடும் நடனம்) போட்டி முடிந்து ஒரு பெண் புள்ளித்தாளை நீட்டிக் கேட்டாள்: "அண்ணா, நாங்கள் விழவே இல்லையே, ஏன் லெவல் 1?" பல வருடங்களுக்கு முன் இதே கேள்வியை நான் கேட்டு, பயிற்சியாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விழக்கூடாது, பாட்டை முந்தக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தெரியாமலே மார்க்கை இழக்க வைக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

நடுவரைப் பார்த்து ஆடுவது

மேசையில் வரிசையாக இருப்பவர்கள் எல்லோரும் நடுவர்கள் இல்லை. தொழில்நுட்பக் குழு என்று மூன்று பேர் தனி. நீங்கள் செய்தது என்ன, அது எந்த லெவல் என்று முடிவு செய்பவர்கள் இவர்கள்தான். உச்சம் லெவல் 4. அடிப்படை மதிப்பு அந்த லெவலைப் பொறுத்தது. அதை எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்பதற்கு நடுவர்கள் −5 முதல் +5 வரை போடுவார்கள். அப்புறம் நடன அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்ற மூன்றுக்கும் பத்துக்குள் மார்க். உங்கள் சிரிப்பு நடுவர்களிடம் கொஞ்சம் செல்லும். லெவல் போடுகிறவர்களிடம் செல்லாது. அவர்கள் பார்ப்பது காலை.

நான் கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த வருடம் எங்களுக்கு வால்ட்ஸ் நடனம். ஆறு மாதம் கண்ணாடி முன் நின்று தோளையும் முகத்தையும் பழக்கினோம். அதில் ஒரு திருப்பம் உண்டு, பனியில் விழும் கோடு 3 மாதிரி இருக்கும். ஸ்கேட்டின் ப்ளேடுக்கு உள், வெளி என இரண்டு ஓரம் உண்டு, அதுதான் எட்ஜ். முன்னோக்கி வெளி எட்ஜில் போய், திரும்பி, பின்னோக்கி உள் எட்ஜில் வரவேண்டும். அந்த இடம் ஒரு கீ பாயிண்ட். அங்கே எட்ஜ் சரியா, தாளம் சரியா என்று குழு தனியாகப் பார்க்கும். நானோ திரும்பும் முன் மேசைப் பக்கம் முகத்தைத் தூக்கிச் சிரித்தேன். உடம்பு நிமிர்ந்தது, ப்ளேடு தட்டையானது. தாளில் அந்தக் கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்ற குறி. மூன்றாம் இடம் 0.6 புள்ளியில் கைவிட்டுப் போனது. என் ஜோடி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் பக்கம்தான் நியாயம்.

அடுத்த நாள் காலை, புதிதாக இழைத்த பனியில் அதையே செய்யச் சொல்லி, குனிந்து பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். எட்ஜில் போனால் ஒரே கோடு. தட்டையாகப் போனால் ப்ளேடின் இரண்டு ஓரமும் பதிந்து இரட்டைக் கோடு. என்னுடையது ஒரு முழத்துக்கு ரயில் தண்டவாளம் மாதிரி கிடந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களும் கண்ணாடி முன்தான் நிற்கிறார்கள். பார்த்தாலே எரிச்சல் வருகிறது. குனிந்து உங்கள் கோட்டைப் பாருங்கள், ஐயா.

முதல் நாளை லேசாக எடுப்பது

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், இரண்டாம் நாள் ஆட்டமான ஃப்ரீ டான்ஸில் முதலிடம் பிரான்ஸின் பாப்பாடாக்கிஸ்–சிசெரோன் ஜோடிக்கு. தங்கம் கனடாவின் வெர்ச்சு–மோயருக்கு. முதல் நாள் ஷார்ட் டான்ஸில், உடையின் கொக்கி அவிழ்ந்த நிலையிலேயே ஆடி முடித்த பிரெஞ்சு ஜோடி 1.74 புள்ளி பின்தங்கியது. இரண்டாம் நாள் மீட்டது 0.95 மட்டும். மீதி 0.79-இல் தங்கம் போனது. இப்போது ஷார்ட் டான்ஸுக்கு ரிதம் டான்ஸ் என்று பெயர். இரண்டு நாள் மார்க்கையும் கூட்டும் முறை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

பழைய மார்க்கோடு ஒப்பிடுவது

பியோங்சாங்கில் தங்கத்துக்கு 206.07, 2022 பெய்ஜிங்கில் 226.98. நான்கு வருடத்தில் மனிதர்கள் அவ்வளவு முன்னேறிவிடவில்லை. இடையில், எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்பதற்கு நடுவர்கள் போடும் மார்க் +3 வரை இருந்தது +5 வரை ஆனது.

'அந்த நாட்டு நடுவர் கவிழ்த்துவிட்டார்'

இருக்கலாம். ஆனால் புள்ளித்தாளின் ஒவ்வொரு வரியிலும் நடுவர்கள் போட்டதில் மிக அதிகமானதும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு, மீதிக்குத்தான் சராசரி. 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவில் வெடித்த ஊழலுக்குப் பிறகுதான் 6.0-ஐ உச்ச மார்க்காக வைத்த பழைய முறையே ஒழிந்தது. புலம்பும் முன் தாளில் கீ பாயிண்ட் வரியைப் படியுங்கள்.

லிஃப்ட்

ஜோடியைத் தூக்கி ஆடுவதுதான் லிஃப்ட். சின்ன லிஃப்டுக்கு 7 நொடி. தாண்டினால் ஒரு புள்ளி போச்சு. கைத்தட்டல் கேட்டாலும் இறக்கிவிடுங்கள்.