மோர்ட்டார் மாடலுக்கு ஆடாத கட்டை பண்றது எப்படி

மோர்ட்டார்னா குண்டை அண்ணாந்து வீசுற குட்டைக் குழாய் ஆயுதம், கட்டைனா அந்த குழாய் உக்கார்ற மர அடிப்பாகம். மொதல்ல ஒண்ணு, இது சுடாத மாடலுக்குதான்பா. இங்க கருமருந்து போட்டு சுட்டா 1959 ஆயுதச் சட்டம், 1884 வெடிபொருள் சட்டம்னு ரெண்டுலயும் மாட்டிப்பீங்க, அதனால லேத்து பட்டறைல குழாய் கடையும்போதே வாயில ரெண்டு இஞ்ச் பள்ளம் போதும்னு சொல்லிடுங்க, திரி வெக்கிற தொளை வேணவே வேணாம். ஆனா கட்டைய மட்டும் நெஜமா சுடப்போறாப்லயே பண்ணணும், இல்லனா பொம்மை மாதிரி தெரியும்.

பீரங்கிக்கு சக்கரம் இருக்கே இதுக்கு ஏன் இல்லனு கேப்பாங்க. பீரங்கி படுத்தாப்ல சுடும், உதை பின்னால போகும், வண்டி உருண்டு வாங்கிக்கும். மோர்ட்டார் 45 டிகிரில அண்ணாந்து நிக்குது, உதை பின்னாலயும் போகுது தரையிலயும் எறங்குது, சக்கரம் போட்டா அச்சு தாங்காது. அதான் சப்பையா கனமான கட்டை.

மரம் சென்னை வால்டாக்ஸ் ரோட்டுல பாருங்க. 1758-59ல பிரெஞ்சு தளபதி லாலியோட படை முற்றுகை போட்டப்புறம் ஊரை சுத்தி சுவர் எழுப்பி அதுக்கு வரினு கெளம்பின பேச்சுல வந்த பேரு, இந்த வேலைக்கு இதைவிட பொருத்தமான ரோடு ஏது! ஒரு அடி குழாய்க்கு ரெண்டடி நீளத்துல ரெண்டு 6க்கு 6 இஞ்ச் கட்டை போதும், நல்லா காஞ்சதா வாங்குங்க. நான் பச்சை மரத்துல ஆணி அடிச்சு சேர்த்தேன், வெயில் காலம் முடியறதுக்குள்ள நடுவுல விரல் போற சந்து. இப்பலாம் குறுக்க தொளை போட்டு போல்ட்டு, ரெண்டு பக்கமும் பெரிய வாஷர், ராயபுரம் உப்புக்காத்துக்கு மேல ரெட் ஆக்சைடு.

அசல் வேலை குழாயோட ரெண்டு காதும், அதாவது ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்குற உருளைங்க, உக்கார்ற குழியிலதான். காது உருளைல பாதி முங்குற அளவு உளியால எடுத்துட்டு, காதுல குங்குமத்தை எண்ணெய்ல கொழைச்சு தடவி உக்கார வெச்சு தூக்குங்க. செவப்பு ஒட்டுன எடம் மேடு, அதை மட்டும் சீவுங்க. எனக்கு பதினஞ்சு தடவை ஆச்சு, குழி முழுக்க செவந்தப்புறம்தான் மேல இரும்புப் பட்டை போட்டு முறுக்கினேன்.

கீழ மேடைக்கு, குழாய் பாக்குற திசைல ரெண்டு கட்டை, அதுமேல குறுக்க பலகை. ரசமட்டம் வெச்சு பாத்துட்டு நாலு மூலைலயும் ஏறி நில்லுங்க, டொக்குனு சத்தம் வர்ற மூலைக்கு அடில மணல் போட்டு இடிங்க, ஆப்பு மட்டும் சொருகாதீங்க, அது நாலே நாள்ல கழண்டுடும்.