லீனியர் ஆம்ப்ளிபையரின் பவர் மீட்டரைச் சரிசெய்தல்

அமெச்சூர் ரேடியோவின் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிபையரின் பாதுகாப்பு ரிலே காரணமில்லாமல் விழுந்து இணைப்பைத் துண்டிக்கிறதா? எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் விகிதம்) மோசமாக இருந்தும் விழாமல் நிற்கிறதா? ஆன்டெனாவைக் குறை சொல்லுமுன் உள்ளே இருக்கும் டைரக்ஷனல் கப்ளரைப் பாருங்கள்; ஆன்டெனாவுக்குப் போகும் (ஃபார்வர்டு) பவரையும் திரும்பி வரும் (ரிஃப்ளெக்டட்) பவரையும் தனித்தனியே அளப்பது அதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஈரப்பதம் இதற்குப் பெரிய எதிரி. மூடியில்லாத டிரிம்மரின் (திருப்பிச் சரிசெய்யும் சிறு மின்தேக்கி) தகடு கறுத்துவிடும், எறும்பும் குடியேறும். அளக்குமுன் சுத்தம் செய்து, நன்றாக உலரவிடுங்கள்.

இங்கே சொல்வது 20 சுற்றுள்ள இரட்டை டோராய்டு (வளைய வடிவக் காந்த உள்ளகம்) கப்ளருக்கு. 50 ஓமில் 100 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட். 20-ஆல் வகுத்தால் 5. ஷாட்கி டையோடு 0.3 வோல்ட்டை விழுங்க, கிடைப்பது சுமார் 4.7. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது. 400 வாட்டுக்கு அதே கணக்கில் 9.7 வரும். 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரில் நேராகச் செருகினால் அதன் உள்ளீட்டு முனை எரிந்துவிடும், மின்னழுத்தத்தைக் குறைக்கும் வோல்ட்டேஜ் டிவைடர் கட்டாயம்.

கப்ளரைக் கழற்றி மேசையில் வைத்து, ரேடியோவின் 100 வாட்டிலேயே சரிசெய்யுங்கள். ஆம்ப்ளிபையருக்குள் கிலோவோல்ட் ஓடும்போது கை விடும் வேலை இதுவல்ல. எஸ்எஸ்பி (குரல்) வேண்டாம், மாறாத அளவில் வரும் சிடபிள்யூ கேரியர் போதும். ஒருமுறைக்குப் பத்து நொடிக்கு மேல் அழுத்தாதீர்கள்.

பலரும் முதலில் ஃபார்வர்டு பாட்டைத் (அளவைச் சரிசெய்யும் பொட்டென்ஷியோமீட்டர்) திருப்புவார்கள். அது தவறான வரிசை. ஆன்டெனாவுக்குப் பதிலாக நல்ல 50 ஓம் டம்மி லோடு (பவரை வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) மாட்டி, ரிஃப்ளெக்டட் அளவை முதலில் பாருங்கள்: 100 வாட்டில் 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 3.5 மெகாஹெர்ட்ஸில் நன்றாக இருந்து 28-இல் ஏறினால், டோராய்டு வழியே போகும் கோஆக்ஸ் கேபிளின் ஷீல்டு இரு முனையிலும் கிரவுண்டாகியிருக்கலாம். ஒரு முனை மட்டும்தான் கிரவுண்டாக வேண்டும். எல்லா பேண்டிலும் கூடுதலாக இருந்தால் கப்ளருக்குள் இருக்கும் 50 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டரை அளவிடுங்கள். இரண்டு 100 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர்களை இணையாகப் போடுவது நல்லது. கம்பி சுற்றிய ரெசிஸ்டர் கூடவே கூடாது. உங்களுடையது டிரிம்மர் உள்ள புரூன் வகைக் கப்ளர் என்றால் அந்த டிரிம்மரைப் பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்புங்கள், இரும்பு அருகில் வந்தாலே அளவு மாறும்.

பிறகு, நம்பகமான வாட் மீட்டரை வைத்து ஃபார்வர்டு பாட்டை அமைக்கலாம். ரேடியோ திரை காட்டும் எண்ணை நம்பவேண்டாம். உள்ளீடு, வெளியீடு இரண்டையும் மாற்றி மாட்டி, அதே பவரில் ரிஃப்ளெக்டட் பாட்டையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

சரிபார்க்க, இணைப்பைப் பழையபடி மாற்றி, டி கனெக்டரில் இரண்டு டம்மி லோடுகளை இணையாக மாட்டுங்கள். 25 ஓம், எஸ்டபிள்யூஆர் 2. ஃபார்வர்டு 45 வாட் என்றால் ரிஃப்ளெக்டட் 5 வாட் காட்ட வேண்டும். மிகக் குறைந்த பவரில் டையோடு நேர்கோட்டில் வேலை செய்யாது. 1 வாட்டில் பிழை கண்டு பதறவேண்டாம்.

ரிலே எந்த அளவில் விழவேண்டும் என்று அமைக்க ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை பவர்) தேவையே இல்லை. 400 வாட்டில் எஸ்டபிள்யூஆர் 2 என்றால் திரும்புவது 44 வாட், டையோடுக்குப் பின் 3 வோல்ட். டையோடு பக்கத்தைக் கழற்றி, பவர் சப்ளையிலிருந்து அந்த 3 வோல்ட் டிசியைக் கொடுத்து ரிலே விழும் இடத்தில் பாட்டை நிறுத்துங்கள்.

கப்ளரை லோ பாஸ் ஃபில்டருக்குப் பின்னால் பொருத்துங்கள். முன்னால் இருந்தால், அந்த ஃபில்டர் வடிகட்டும் ஹார்மோனிக்கும் (மடங்கு அலைவரிசைகள்) கணக்கில் சேரும். மூடியைப் பூட்டிய பிறகு, 28 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு முறை பாருங்கள்.